வந்து இறங்கியவர்கள்

நான் இந்த ஊருக்கு வந்து இறங்கியது மழை விட்ட ஒரு காலையில். கடற்கரை ரோட்டில் தேங்கின தண்ணீர் இன்னும் வடியவில்லை. துறைமுகத்தை ஒட்டிப் புதிதாகத் திறந்திருந்த சரக்குக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. என் கட்டிலையும் அடுப்பையும் புத்தகப் பெட்டிகளையும் ஏற்றி வந்த லாரியில் மூன்று பேர். ஓட்டியவர் நடு வயசைத் தாண்டிய மனுஷர். படிக்கட்டில் சாமான் ஏற்றும்போதெல்லாம் "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிச் சொல்லி, ஊரே அவரை மெதுவாண்ணன் என்றுதான் கூப்பிட்டது. பக்கத்து சீட்டில் அவர் மனைவி. கண்ணாடி, பீங்கான், கடிகாரம் எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் அவரை அக்கா என்போம். பின்னால் சாமானோடு சாமானாக உட்கார்ந்து வந்தவர் அக்காவின் தம்பி. மெதுவாண்ணனுக்கு மச்சான், அதனால் ஊருக்கே மச்சான். ஒற்றை ஆளாக வாஷிங் மெஷினை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடி ஏறுவார். பேச்சுதான் வராது.

என் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை, "கல்லா?"

"புத்தகம்" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அக்காவின் போனில் என் பெயர் 'புத்தகப் பெட்டி.' அவருக்கு ஆட்களின் பெயர் தங்காது. தூக்கின சாமான்தான் ஞாபகத்தில் நிற்கும். மீன் தொட்டி, தையல் மெஷின் டீச்சர், ரெண்டு ஃப்ரிட்ஜ், வளையாத சோபா. யாராவது போன் பண்ணினால், "மீன் தொட்டி பேசுறாரு" என்று கையால் போனை மூடிக்கொண்டு புருஷனிடம் சொல்வார்.

எனக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் அவர்கள்தான். அவர்கள் இருந்த வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மாடி அறை. எந்தத் தெருவில் எது காலி, எந்த வீட்டில் தண்ணீர் வராது, எந்த வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்பதெல்லாம் வீடு மாற்றுகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி புரோக்கருக்குக்கூடத் தெரியாது.

அந்த வருஷங்களில் ஊர் பொங்கிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் புதுசு புதுசாகக் கிரேன்கள் நின்றன. உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஆலைகளை இடித்துவிட்டுக் கண்ணாடி போட்ட ஆபீஸ்கள் எழுப்பினார்கள். பள்ளிக்கூடம் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று ஆனது. பஸ்ஸில் யாரிடம் வழி கேட்டாலும், "நானும் புதுசுங்க" என்பார்கள். லாரி வெளியூரிலிருந்து நிறைந்து வரும், காலியாகப் போகும். ஊரை விட்டு வெளியே சாமான் ஏற்றிக்கொண்டு போன ஞாபகமே இல்லை என்று மெதுவாண்ணன் பெருமையாகச் சொல்வார், ஏதோ அத்தனை பேரையும் அவரே அழைத்து வந்த மாதிரி.

அக்கா பாத்திரம் சுற்றுவதற்குப் பழைய பேப்பர் வாங்கி அடுக்கி வைத்திருப்பார். ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு தாளை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். 'தொழில் தொடங்க ஏற்ற ஊர், குடியேற ஏற்ற ஊர்' என்று நம் ஊர்ப் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தது. படித்துவிட்டு அதிலேயே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைச் சுற்றி, பெட்டியில் வைத்தார்.

"தாள் நல்லா கெட்டியா இருக்கு" என்றார்.

வீட்டுக்கார அம்மா வந்து சொன்ன அன்று நான் எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அதே வீட்டின் முன்பகுதியில் தனியாக இருந்தவர். பின்பகுதியில் இவர்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போகிற மகளும். வாடகைக்கு இருக்கிறவர்கள் மாதிரியே இருக்காது. அந்த அம்மாவின் மாத்திரையை அக்காதான் எடுத்துக் கொடுப்பார், இவர்கள் வர நேரமானால் மகளுக்கு அந்த அம்மா சோறு போடுவார்.

லாரியைக் கழுவிக்கொண்டிருந்த மெதுவாண்ணன் பக்கத்தில் வந்து அந்த அம்மா நின்றார். கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதும்...?"

"உடம்புக்கு என்னய்யா. பசங்க வந்துட்டுப் போனாங்கல்ல போன வாரம்..."

"ஆமா, கார்ல வந்தாங்களே."

"வித்துட்டாங்கய்யா." அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இந்த வரிசை மொத்தமும் ஒரு கம்பெனி வாங்குது. ஆபீஸ் கட்டப் போறாங்களாம். என்னைப் பெரியவன் கூட்டிட்டுப் போறான். உங்களுக்குத்தான் என்ன சொல்றதுன்னு... எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

மெதுவாண்ணன் குழாயை மூடினார். "நீங்க ஏம்மா கலங்குறீங்க? ஊருக்கே வீடு பாத்துக் குடுக்குறோம். எங்களுக்கு ஒண்ணு கிடைக்காதா?" என்றார்.

கிடைக்கவில்லை.

வேலை இல்லாத பொழுதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் தேடிப் போனார்கள். பார்த்த இடத்தில் எல்லாம் ஒரே பதில். லாரி நிறுத்த இடம் இல்லை. ஃபேமிலி ஓகே, ஆனால் மச்சான் எதுக்கு? கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். வாடகையோ, கேட்டதும் அக்கா வாசற்படியிலேயே செருப்பை மாட்டிக்கொள்வார். ஊர் ஓரத்தில் ஒரு இடம் இருந்தது. அங்கேயிருந்து மகள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும். இறுதித் தேர்வு வருகிற வருஷம்.

ஒரு சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். மழைக்கு முந்தின புழுக்கம். அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தட்டில் போட்டுக்கொண்டே பேசினார்.

"இன்னைக்கு ஒருத்தர் சொல்றாரு, 'என்ன பண்றதும்மா, வெளியூர்க்காரங்க வந்து ரொம்பிட்டாங்க'ன்னு. எங்கிட்டயே சொல்றாரு."

"நீ என்ன சொன்ன?" என்றார் மெதுவாண்ணன்.

"என்னத்தச் சொல்ல? ஏத்திட்டு வந்தது நாமதான்னு சொல்லவா? ஒவ்வொருத்தரையும் மாடி ஏத்தி, கட்டில் போட்டு, திரைச்சீலை மாட்டிக் குடுத்து, கடைசில நமக்கு நிக்க இடம் இல்ல. நல்லாயிருக்குல்ல?"

"அவங்க வரலேன்னா நமக்கு ஏதுடி சோறு?"

"சோறு இருக்கு. எங்க உக்காந்து திங்கிறது, அதைச் சொல்லுங்க."

நான் எழுந்துபோகலாமா என்று நெளிந்தேன். நானும் அவர்கள் ஏற்றிக்கொண்டு வந்த ஆள்தானே. அக்கா கவனித்துவிட்டார். "உன்னைச் சொல்லலப்பா புத்தகப் பெட்டி. உக்காரு. டீ ஆறுது."

மச்சான் ரொட்டியை மென்றுகொண்டே, "அப்ப வேற ஊருக்குப் போயிரலாமா?" என்றார். அவர் பேசினதே பெரிய விஷயம். உள்ளறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த மகளின் குரல் அப்படியே நின்றுபோனது.

அடுத்த வாரம் பல் டாக்டரின் சாமான் வந்தது. டாக்டர் அம்மா வயசான அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெகு தூரத்திலிருந்து வந்தவர். கடற்கரை ரோட்டுக்குப் பின்னால் ஒரு கட்டிடத்தில் கிளினிக் வைக்கிறார். வாசலுக்கு ஏழெட்டுப் படி. வெளியே தூறல். நோயாளி உட்காருகிற அந்த நாற்காலி, அடியில் இரும்பும் மோட்டாருமாக, ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். படிமேல் பலகை போட்டு, மேலேயிருந்து மெதுவாண்ணன் கயிற்றைப் பிடித்து இழுக்க, கீழேயிருந்து மச்சான் தள்ளினார். டாக்டரின் அப்பா, நாற்காலி நனையக் கூடாது என்று குடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே ஏறினார். அக்கா எத்தனையோ தடவை, "ஐயா, நீங்க உள்ள போங்க" என்று சொல்லிப் பார்த்தார். பெரியவர் கேட்கவில்லை.

"நானும் ஒரு கை பிடிக்கிறேம்மா" என்றார்.

பலகை வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பெரியவர் நின்ற பக்கம். கயிற்றை விட்டிருந்தால் மெதுவாண்ணனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் விடவில்லை. கயிற்றைக் கையில் சுற்றி, படி விளிம்பில் காலை ஊன்றி, முழு கனத்தையும் இடுப்பில் வாங்கினார். மச்சான் ஒரே தாவலில் பெரியவரை அணைத்துத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார். குடை மட்டும் நசுங்கியது. நாற்காலி மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் மெதுவாண்ணன் படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

"என்னங்க?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இரு... மெதுவா..."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, ஆனால் தண்டுவடத்தை ஒட்டி ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, மாசக்கணக்கில் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். பெரியவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் நசுங்கின குடையோடு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, "என்னாலதாம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கோபப்பட வேண்டும் என்றுதான் அக்காவுக்கு இருந்ததாம். அந்த நசுங்கின குடையைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து மச்சான் லாரி ஓட்டினார். அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, புருஷன் நிற்கிற இடத்தில் நின்றார். கூலிக்கு ஆள் பிடித்து வேலை நடந்தது. வீட்டில் பலகைமேல் படுத்திருந்த மெதுவாண்ணன், மனைவி வந்ததும் ஒவ்வொரு சாமானாகக் கேட்பார். பீரோவைக் குறுக்கே திருப்பினீங்களா? கண்ணாடியை நிக்க வெச்சீங்களா? அக்கா சாப்பிட்டுக்கொண்டே, "உங்க சத்தம் இல்லாம வேலை சீக்கிரம் முடியுது" என்பார். அவர் சிரித்தால் இடுப்பு வலிக்கும். அதனாலேயே அக்கா இன்னும் நாலு வார்த்தை சொல்வார்.

வீடு மட்டும் கிடைக்கவில்லை. அந்த வரிசையில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. அக்காவும் மச்சானும்தான் காலி பண்ணிக் கொடுத்தார்கள்.

விட்டுப்போன இரண்டு பெட்டியைக் கொடுக்க அக்கா ஒரு நாள் கிளினிக்குக்குப் போனார். கைகழுவப் பின்பக்கம் போனவர், அங்கே ஒரு முற்றத்தைப் பார்த்தார். லாரி தாராளமாக நிற்கும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கூரை போட்ட ஒரு வீடு, பூட்டு துருப்பிடித்திருந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் உடைந்த மேஜை, கயிறு, தகரம், கூரை வரைக்கும் குப்பை. சாமானைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிற கண் அக்காவுக்கு உண்டு. இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு, காற்று வருகிற ஜன்னல் என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டுவிட்டார்.

"இது யாருதும்மா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"எங்க ஹவுஸ் ஓனரோடதுதான். அவரு கப்பல் இன்ஜினியர். வருஷத்துல பாதி நாள் கடல்ல. இதை கோடவுனுக்கு ரெண்டு கம்பெனி கேட்டிருக்காம்." சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அக்கா, நீங்க வீடு தேடுறீங்கன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? எங்க அவரு இடுப்புக்குப் பதிலா வீடு கேக்குற மாதிரி ஆயிடும்."

"அப்படி யாராவது நினைப்பாங்களா?"

"நான் நினைப்பேன்" என்றார் அக்கா.

டாக்டர் போனை எடுத்தார். கப்பல் இன்ஜினியர் எந்தக் கடலில் இருந்தாரோ, குரல் விட்டு விட்டு வந்தது. டாக்டர் நடந்ததைச் சொன்னார், எங்க அப்பா உசிரோட இருக்கார்னா அந்த மனுஷராலதான் என்றார். அந்தப் பக்கம் இன்ஜினியர் இழுத்தார். கம்பெனிக்காரங்க கேட்டிருக்காங்களே, கோடவுன்னா தொந்தரவு இல்ல, வீடுன்னா ஓடு ஒழுகுது, குழாய் வரலன்னு ஆயிரம் வரும்...

"இப்படிக் குடுங்க" என்று அக்கா போனை வாங்கினார்.

"சார், தயவு பண்ணிக் குடுங்கன்னு கேக்கல. எங்களால முடிஞ்ச வாடகையச் சொல்றேன், பிடிச்சாப் பாருங்க. உள்ள இருக்குற குப்பைய நாங்களே அள்ளுறோம். ஓடு ஒழுகினா நாங்களே மாத்திக்குவோம், உங்கள நடுக்கடல்ல கூப்பிட மாட்டோம். கம்பெனி வந்தா சாமானை அடைச்சுப் பூட்டிட்டுப் போயிரும். நாங்க வந்தா உங்க வீட்டுல விளக்கு எரியும்."

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. கட்டாகிவிட்டது என்று அக்கா நினைத்தார்.

"நான் எப்ப வந்தாலும் அந்தப் பின்பக்கம் இருட்டாத்தாம்மா இருக்கும்" என்றது குரல். "எங்க அம்மா இருந்த வீடு. சரி, வந்துருங்க."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டரின் அப்பா உள்ளேயிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பல் வலி என்று நினைத்துவிட்டார் போல.

"வாயைக் கொப்புளிச்சுக்கம்மா" என்றார்.

வீடு மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூலி ஆட்கள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். யாரும் வரவில்லை. புதிதாக வருகிற பெரிய கம்பெனி ஒன்று, ஒரே நாளில் ஆறு மாடிக்கும் மேஜை நாற்காலி ஏற்ற ஊரில் இருக்கிற ஆட்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் இடிக்கிற இயந்திரம் வந்துவிடும். வீட்டுக்கார அம்மாவை முந்தின நாளே மகன் அழைத்துப் போயிருந்தார்.

"நானும் என் தம்பியும் போதும்" என்றார் அக்கா.

நானும் இருக்கிறேன் என்றேன். மச்சான் என் கையைப் பார்த்தார்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மீன் தொட்டி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் தையல் மெஷின் டீச்சர், கையில் ஒரு கூடை அவித்த முட்டையோடு. ரெண்டு ஃப்ரிட்ஜ் தம்பதி. வளையாத சோபாவும் அவருடைய அண்ணனும். கிளினிக்கை மூடிவிட்டு டாக்டர் அம்மா. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஆட்கள். இந்த ஊரில் பிறந்தவர் என்று ஒருவர்கூட அதில் இல்லை.

அக்கா திகைத்து நின்றுவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் அம்மாவின் போனைப் பின்னால் மறைத்தாள்.

"ஏண்டி, கஸ்டமரைப் போய் வேலை வாங்குறதா? மானத்த வாங்கிட்டியே!"

"நான் வாங்கலம்மா. ஆள் வரலன்னு மட்டும்தான் சொன்னேன். அவங்களே வந்தாங்க."

"அக்கா, நான் வந்த அன்னைக்கு மீனை பக்கெட்டுல வெச்சு மடியிலயே தூக்கிட்டு வந்தீங்க" என்றார் மீன் தொட்டி. "ஒண்ணு சாகல. நகருங்க, எதை எடுக்கணும்?"

அவ்வளவு மோசமான பேக்கிங்கை நான் பார்த்ததில்லை. மீன் தொட்டி ஒரு எவர்சில்வர் டம்ளரை ஐந்து தாளில் சுற்றினார், கண்ணாடி ஜாடியை வெறுமனே போட்டார். டீச்சர் அரிசியையும் செருப்பையும் ஒரே பெட்டியில் வைத்தார். ரெண்டு ஃப்ரிட்ஜ் புருஷன் கட்டிலைக் கழற்றினார், எந்த ஆணி எதற்கு என்று மறந்து எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா ஒவ்வொன்றையும் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெதுவாண்ணனுக்கு அடக்க முடியவில்லை.

"சார், அப்படி இல்ல சார்... பீரோவுக்கு முதுகைக் குடுங்க. ஐயோ, உங்க முதுகை இல்ல, அதோட முதுகை..."

மச்சான் அன்று நிறையப் பேசினார். "விடுங்க. நகருங்க. நான் பாத்துக்குறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

மூன்று நடையில் வீடு காலியானது. கடைசி நடைக்கு மழை பிடித்துவிட்டது. முற்றத்தில் லாரி பின்பக்கமாக ஒட்டி நின்றது. நாங்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். டாக்டரின் அப்பா புதுக் குடையோடு வந்தார். இந்தத் தடவை அவரை வாசற்படிக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, மெதுவாண்ணனுக்குத் துணையாக இருக்கச் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அதிகாரம் பண்ணினார்கள்.

ஜாடி உடைந்துதான் போனது. மீன் தொட்டி முகம் செத்துவிட்டது. "பழசுதான் தம்பி, விடுங்க" என்றார் அக்கா. பழசு இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது எதிரே அந்தப் பழைய வரிசை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடம் நிற்கிறது. காலையில் நூற்றுக்கணக்கான பேர் அதற்குள் போகிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் சாமானை ஏற்றி வந்தது அக்காவின் லாரிதான். மெதுவாண்ணன் எழுந்து நடக்கிறார், ஓட்டுகிறார், தூக்குவதில்லை. மகள் தேர்வு எழுதி, கிளினிக்கிலேயே பகுதி நேரமாக உதவிக்கு இருந்து, பல் மருத்துவம் படிக்கப் போயிருக்கிறாள். அந்தப் பின்வீட்டில் விளக்கு எரிகிறது.

ஆனால் எனக்கு இந்த ஊர் என்றால் நினைவுக்கு வருவது அந்த மழை நேரம்தான். ஓட்டில் மழை சத்தம். அறை முழுக்க ஈரத் துணியோடு ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத ஆட்கள், அவித்த முட்டையை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டு. மீன் தொட்டி கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அறை நடுவில் நின்று கேட்டார்.

"அக்கா, இதை எங்க வைக்கணும்?"

அந்தக் கேள்வியை அக்கா எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம் கேட்டிருப்பார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கல்யாணம் ஆகி வந்தபோது இரண்டு மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்து, அவரே ஒரு மூலையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வீடு மாறுவது அன்றைக்குத்தான். புருஷனைப் பார்த்தார். மெதுவாண்ணன் பார்வையை மழையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அக்கா?"

"அந்த ஜன்னல் பக்கம் வைங்க தம்பி" என்றார் அக்கா. மீன் தொட்டி வைத்தார். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "இல்ல, சாரல் அடிக்கும். இந்தச் சுவரோரம்." மீன் தொட்டி தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் வைத்தார். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். எத்தனை வீட்டுக்காரர்கள் அவரைச் சாமானும் கையுமாக இப்படி நிற்க வைத்திருப்பார்கள்.

"இல்ல தம்பி, அங்கயே நல்லா இருந்துச்சு."

மீன் தொட்டி சிரித்துக்கொண்டே மறுபடியும் தூக்கினார்.